பெட்டி கட்டும் முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் பற்றியவை. பிள்ளைகளிடம் போகும் அம்மா அப்பாமார்தான் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

மூத்த மகன் சண்டைக் காலத்தில் கனடா போனவர். இப்போதுதான் எங்களைக் கூப்பிடுகிறார். என் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், மகனின் கடதாசிகளில் இன்னொருவிதம். எங்கிருந்து தொடங்குவது?
— சி.த., விசுவமடு

பாஸ்போட்டுக்கு உடனே ஓட வேண்டாம். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாஸ்போட், விசா, ரிக்கற் என்பதுதான் வரிசை. முன்னதில் உள்ள பிழை பின்னதில் அப்படியே ஏறிவிடும். பின்னுக்குப் போகப் போகத் திருத்தச் செலவும் கூடும்.

முதலில் எல்லாக் கடதாசிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வித்தியாசம் இரண்டு வகையாக இருக்கும். தமிழிலேயே பெயர் வேறாக இருந்தால், உதாரணமாக ஒன்றில் தவமணி, மற்றதில் தவமணிதேவி என்றிருந்தால், அது உண்மையான பிழை. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு, பதிவைத் திருத்தலாமா, எந்த அத்தாட்சிகள் தேவை என்று கேளுங்கள். இதற்கு மாதக்கணக்கு எடுக்கலாம்.

தமிழில் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் மட்டும் எழுத்து மாறியிருந்தால், அதாவது ஒன்றில் ‘டி.எச்.’ என்று தொடங்கி மற்றதில் ‘டி’ மட்டும் இருந்தால், அல்லது ஒன்று ‘வை’யில் முடிந்து மற்றது ‘ஐ’யில் முடிந்தால், அவ்வளவு பயப்படத் தேவையில்லை. பழைய பிறப்பத்தாட்சிப் பத்திரம் தமிழில்தானே இருக்கிறது. அதை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போட்டில் உள்ள ஆங்கில எழுத்தையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் காட்டி, அதன்படியே எழுதச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அவர் தனக்குப் பட்டபடி எழுதுவார். நாலாவது எழுத்துமுறை ஒன்று பிறந்துவிடும்.

உங்கள் விடயத்தில் உண்மையான சிக்கல் மகனின் கடதாசிதான். நீங்கள் அவருடைய தாய் என்பதற்கு அத்தாட்சி அவரது பிறப்பத்தாட்சிப் பத்திரம். அதில் தாயின் பெயர் எப்படி இருக்கிறது? அவர் அங்கே போய் முதலில் நிரப்பிய படிவங்களில் தாயின் பெயரையும் பிறந்த திகதியையும் எப்படிக் கொடுத்தார்? இதை விண்ணப்பத்துக்கு முன்பே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். வித்தியாசம் இருந்தால் மறைக்க வேண்டாம். இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதன் ஆங்கிலப் பிரதியோடு ஒரு பக்க விளக்கக் கடிதமும் வைத்து அனுப்புங்கள். அதிகாரி தானாகக் கண்டுபிடிக்கும் வித்தியாசம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். நீங்களே சொல்லிவிட்டால் அது வெறும் விளக்கம்.

இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்துவிட்டது. பிறப்பத்தாட்சிப் பத்திரமே இல்லை. பாஸ்போட்டுக்குக் கொழும்பு போக வேண்டுமா?
— ம.க., மல்லாவி

பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் இவற்றோடு பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் தேடுவார்கள். பழைய பாடசாலை ‘லீவிங்’ சேட்டிபிக்கற், பிள்ளைகளின் பத்திரங்கள், ஞானஸ்நானப் பதிவு என்று கையில் உள்ள எதையும் கொண்டுபோங்கள். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது.

பாஸ்போட்டுக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போயே ஆகவேண்டும் என்றில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் ஒன்று இயங்குகிறது. படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே படத்தை இணையவழி அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள் நிறையப் பேர். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பாஸ்போட் 3 வருடத்துக்குத்தான் செல்லும், பெரியவர்களுக்கு 10 வருடம். குடும்பமாகப் போகிறவர்கள் பிள்ளையின் திகதியைத் தனியாகப் பாருங்கள்.

கனடாவுக்குச் சாதாரண விசிற்றர் விசாவா, சுப்பர் விசாவா நல்லது?
— பலர்

எவ்வளவு காலம் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசிற்றர் விசாவில் வழமையாக ஒரு தடவைக்கு 6 மாதம். சுப்பர் விசாவில் ஒரு தடவைக்கு 5 வருடம் வரை நிற்கலாம். ஆனால் இது அங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள பிள்ளையின் அல்லது பேரப்பிள்ளையின் அழைப்பில் போகும் பெற்றோர், பாட்டன் பாட்டிக்கு மட்டும்தான். தம்பி கூப்பிட்டு அக்கா போக முடியாது. கூப்பிடும் பிள்ளை குறிப்பிட்ட அளவு வருமானத்தைக் காட்ட வேண்டும். உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. குறைந்தது ஒரு வருடத்துக்கு, 100,000 கனேடிய டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும்.

காப்புறுதியில்தான் காசு கரையும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்களைச் சொல்லாமல் மலிவாக எடுத்தால், அங்கே ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கட்டமாட்டோம் என்று கையை விரித்துவிடுவார்கள். சலரோகம், பிறஷர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, ‘முன்பே உள்ள நோய்’ பற்றிய பந்தியைக் கூப்பிடும் பிள்ளை முழுதாக வாசிக்க வேண்டும். நாலு மாதம் நின்று பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதுதான் எண்ணம் என்றால் விசிற்றர் விசாவே போதும். பெருமைக்குச் சுப்பர் விசா எடுக்க வேண்டாம்.

கைரேகை, படம் எடுப்பது கொழும்பில். 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 79 வயதைத் தாண்டியவர்களுக்கும் அது தேவையில்லை. சமையல், தோட்டம், கொத்து வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்து, இயந்திரம் எடுக்காமல் திருப்பித் திருப்பி வைக்கச் சொல்வதுண்டு. போவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து இரவில் தேங்காயெண்ணெய் பூசி, வெங்காயம் உரிக்கிற, புளி கரைக்கிற வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போனால் ஓரளவு தெளியும். எடுக்கும் அன்று கையில் எண்ணெய் இருக்கக் கூடாது.

30 கிலோ தருகிறார்கள். கருவாடு, தேன், மிளகாய்த்தூள், ஒடியல் எல்லாம் கொண்டுபோகலாமா? கறிவேப்பிலை கேட்கிறாள் மகள்.
— இ.ரா., முள்ளியவளை

முதலில் கிலோ. வெறும் சூட்கேஸே 4 கிலோ வரை வரும். ஆகவே 26 கிலோவுக்குத்தான் சாமான். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், கூடுதல் காசு கட்டினாலும் வாங்கமாட்டார்கள், பிரிக்கச் சொல்வார்கள். சில விமானச் சேவைகள் மொத்த நிறை பார்க்கும், சில ‘ஒன்று 23 கிலோ, இரண்டு பெட்டி’ என்று எண்ணிக்கை பார்க்கும். ரிக்கற்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொக்கித் தராசு இல்லாவிட்டால் நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்க்கலாம். விமான நிலையத் தராசு கொஞ்சம் கூடக் காட்டினாலும் தாங்கும்படி அரைக் கிலோ குறைத்துக் கட்டுங்கள்.

இனிச் சாமான். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் தனித்தனியாகச் சொல்கிறோம்.

கருவாடு கனடாவுக்கும் பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை போகும். குடல் எடுத்து நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கருவாட்டை வாங்கிய கையோடு கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வேர்த்து, பெட்டி முழுக்க மணக்கும். இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டு, ஆறவிட்டு, பழைய பேப்பரில் சுற்றி, காற்றிழுத்து ஒட்டும் பையில் இரண்டு தடவை அடையுங்கள். சூட்டோடு கட்டுவதுதான் எல்லாரும் விடும் பிழை.

இறைச்சி, பால், நெய் ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் கூடாது. வத்தல் இறைச்சியை நினைக்கவே வேண்டாம். மான் வத்தல் என்றால் அங்கே பிடிபட முதல் இங்கேயே குற்றம்.

தேன் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2 கிலோ வரை. ஆனால் எங்கள் காட்டுத்தேன் வருவது பழைய சாராயப் போத்தலில், லேபல் இல்லாமல், வாயில் கடதாசிச் சுருளை அடைத்து. சுங்கத்தில் அதைத் தேன் என்று நம்பவைப்பது கஷ்டம். லேபல் ஒட்டிய பிளாஸ்ரிக் போத்தலாக வாங்குங்கள். முட்ட நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விட்டு, வாயில் பொலித்தீன் துண்டு வைத்து மூடியை இறுக்கி, ரேப் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வையுங்கள். தேன், ஊறுகாய், பனம்பாணி மூன்றும் திரவக் கணக்குத்தான். கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றருக்கு மேல் எறிந்துவிடுவார்கள்.

மிளகாய்த்தூள், சரக்குத்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல் பெரும்பாலும் பிரச்சினையில்லை. வீட்டில் இடித்ததானாலும் என்ன தூள், எந்த மாதம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். வண்டு பிடித்த புழுக்கொடியல் ஒன்று போதும், முழுப்பையும் குப்பைக்குப் போக. பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு கொண்டுபோகாமல், கழற்றி ரின்னில் போடுங்கள். காய்ந்த ஓலையைப் பார்த்தாலே சில நாட்டுச் சுங்கத்தார் பெட்டியைக் கிளறத் தொடங்குவார்கள்.

அமெரிக்கா, அவுஸ்திரேலியா போகிறவர்கள் அரிசி எடுக்க வேண்டாம். தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டுக்குப் பயந்து தடுத்திருக்கிறார்கள். கொப்பரா, அதாவது காய்ந்த தேங்காய்ப் பருப்பு, எந்த விமானத்திலும் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

மகளின் கறிவேப்பிலைக்குப் பதில்: பச்சை இலை வேண்டாம். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைக் காவுகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. அங்கே தமிழ்க் கடையில் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் குத்தும்.

எந்த நாடானாலும் படிவத்தில் ‘உணவு இருக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆம்’ போடுங்கள். சொல்லிவிட்டுக் கொண்டுபோனதை ஆகக்கூடினால் பறிப்பார்கள். சொல்லாமல் பிடிபட்டால் தண்டம். கனடாவில் அது 1,300 டொலர் வரை போகும்.

கனடாவில் மகனிடம் போகிறேன். கிளினிக்கில் தரும் குளிசைகளை 6 மாதத்துக்குக் கொண்டுபோகலாமா? இன்சுலினும் போடுகிறேன்.
— வ.ச., கிளிநொச்சி

அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசையைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டு, மேலே ‘காலை 1, இரவு 1’ என்று பேனையால் எழுதித் தருவார்கள். உங்களுக்கு அது விளங்கும். வெளிநாட்டுச் சுங்க அதிகாரிக்கு அது பெயரில்லாத வெள்ளைக் குளிசை. ஆகவே பயணத்துக்கு வேண்டியதைப் பாமசியில் அட்டையோடு வாங்குங்கள். காசு செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கனடாவுக்கு ஆகக்கூடியது 90 நாள் மருந்துதான் கொண்டுபோகலாம். மிகுதிக்கு அங்கே வைத்தியரைக் காணும் செலவை மகன் இப்போதே கணக்கில் வைக்கட்டும்.

கிளினிக் கொப்பி மட்டும் போதாது. நோய்கள், மருந்தின் பொதுப்பெயர், அளவு, ஊசி பாவிக்கிறவர் என்ற விபரம் இவற்றை ஆங்கிலத்தில் தட்டெழுதி, கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதமாக வைத்தியரிடம் வாங்குங்கள். அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காமல் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். கடும் நோவுக்குத் தரும் ரமடோல், கொடெயின் கலந்த மருந்துகளை வளைகுடா வழியாகக் கொண்டுபோவது வில்லங்கம். அங்கே அவை கட்டுப்படுத்தப்பட்டவை. நாட்டு வைத்தியரின் சூரணத்தை வீட்டிலேயே விட்டுப் போங்கள்.

இன்சுலின் கட்டாயம் கைப்பையில். அடியில் போகும் பெட்டியில் குளிரில் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து வன்னியிலேயே இருக்கிறது: வெயிலில் நிறுத்திய வானின் முன்தட்டில் பையை வைப்பது. ஈரத்துணி சுற்றிய சிறு பையிலோ, ஐஸ் நேரடியாகத் தொடாத குளிர்ப்பையிலோ வைத்துக் காலடியில், நிழலில் கொண்டுபோங்கள்.

ரொறன்ரோ கோடையில் எங்களைவிட 9½ மணித்தியாலமும் பனிக்காலத்தில் 10½ மணித்தியாலமும் பின். இடைத்தங்கலோடு ஒரு நாள் அளவு பயணம். இன்சுலின் நேரத்தை நீங்களாக மாற்றாமல், ரிக்கற்றைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி எந்த நேரத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கிளிக்கிளசைட் போன்ற குளிசையைச் சாப்பாடு முன்னால் வந்தபின் போடுங்கள். விமானத்தில் சாப்பாடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். கைப்பையில் நாலு ரொபியும் ஒரு பிஸ்கட் பக்கெற்றும் இருக்கட்டும்.

நான் சைவம். விமானத்தில் ‘இந்துச் சாப்பாடு’ என்று பதியலாம் தானே?
— ப.நா., நெடுங்கேணி

வேண்டாம். அதில் கோழி, மீன் வரும், மாட்டிறைச்சிதான் இருக்காது. ‘ஆசிய சைவ உணவு’ என்று பதியுங்கள், குறைந்தது ஒரு நாள் முன்பாக.

ஏஜென்சி மலிவாக இரண்டு ரிக்கற் போட்டுத் தருகிறது: முதலில் பாரிஸ், அங்கிருந்து ரொறன்ரோ. எடுக்கலாமா?
— தி.மு., பரந்தன்

ஒரே பதிவு இலக்கத்தில் வரும் ஒரு ரிக்கற் என்றால் எடுக்கலாம். இரண்டு தனி ரிக்கற் என்றால் வேண்டாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் உள்ளுக்குள்ளேயே மாறுவதற்கும் இலங்கைப் பாஸ்போட்டுக்கு இடைத்தங்கல் விசா தேவை. செல்லுபடியான கனடா விசா இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் தனி ரிக்கற்றில் பெட்டியை பாரிஸில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம். அதற்கு நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்குச் செங்கன் விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது ரிக்கற் காசும் போய்விடும்.

ரிக்கற் கைக்கு வந்தவுடன் பெயரைப் பாருங்கள். பாஸ்போட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், பெரிய எழுத்துகளும் கோணக்குறிகளுமாக இரண்டு வரி இருக்கும். மேல்வரியில் நாட்டின் மூன்றெழுத்தை அடுத்துக் குடும்பப் பெயர், பிறகு இரட்டைக் கோணக்குறி, அதற்குப் பின் மற்றப் பெயர். ரிக்கற் இதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் எப்போதும் உண்டு, ஏஜென்சிக்காரருக்கும்தான். பிழையென்றால் அன்றைக்கே சொல்லுங்கள். அன்றே இரத்துச்செய்து திரும்பப் போட வழி இருக்கும், நாள் கடந்தால் காசு.

துபாய்க்கு விசிற் விசாவில் போய், அங்கே போனபின் வேலை விசா மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், துணுக்காய்

போகாதீர்கள். வேலைக்குப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும். பதியாமல் போனால் சம்பளம் தராவிட்டாலும், நோயில் விழுந்தாலும் பணியகத்தின் காப்புறுதி இல்லை. முகவரிடம் உரிமப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதை 1989 என்ற பணியகத் தொலைபேசியில் கேட்கலாம். காசு கொடுக்க முன் கேளுங்கள்.

வயலும் வீடும் இருக்கிறது. எல்லாம் பூட்டிவிட்டு 6 மாதம் போவது எப்படி?
— க.ஐ., ஒட்டுசுட்டான்

காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் பெயருக்குக் கைமாற்ற முடியாது. வெறுந்தாளில் எழுதிக் குத்தகைக்கு விட்டுப் போனால் திரும்பி வரும்போது வழக்கு காத்திருக்கும். பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் அதே நாளில் கேளுங்கள். உரித்தாளர் இறக்கும் முன் பதிந்தால்தான் அது செல்லும், வயதான காலத்தில் தள்ளிப்போட வேண்டாம். வங்கி, காணி அலுவல்களை ஒருவரிடம் விடுவதென்றால் நொத்தாரிசு மூலம் அற்றோர்ணித் தத்துவம் எழுதிப் பதியுங்கள். எந்த அலுவலுக்கு, எந்தத் திகதி வரை என்று எல்லை போட்டே எழுதுங்கள். ‘சகல அதிகாரமும்’ என்று எழுதிக் கொடுப்பது சொந்தச் சகோதரத்துக்குக்கூடத் தேவையில்லை.

தொலைபேசி சிம்மை மறந்துவிடாதீர்கள். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உங்கள் இலங்கை இலக்கத்துக்குத்தான் வரும். ரோமிங்கை இங்கிருந்தே திறந்து, கொஞ்சம் காசும் போட்டுக்கொண்டு போங்கள்.

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு எப்போது வெளிக்கிட வேண்டும்? எந்தப் பாதை?
— பலர்

அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போனால் கொழும்பு நெரிசலுக்குள் போகாமலே விமான நிலையத்தை அடையலாம். 300 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வானில் 7 மணித்தியாலம் என்று வையுங்கள். விமானத்துக்கு 3 மணித்தியாலம் முன் அங்கே நிற்க வேண்டும். வழியில் சாப்பாடு, ரயர் காற்றுப்போவது, பெட்டியைத் திரும்ப அடுக்குவது எல்லாவற்றுக்கும் இன்னும் 2 மணித்தியாலம். ஆக, விமானம் இரவு 10 மணிக்கு என்றால் காலை 10 மணிக்கு வான் படலையைத் தாண்ட வேண்டும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்குவது மேல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு எத்தனை பாதை வெள்ளத்தில் போனது என்று எல்லாருக்கும் தெரியும். இரவுப் பயணம் என்றால் அநுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் யானைக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வழியனுப்ப ஒரு வான் ஆட்கள் போவது எங்கள் வழக்கம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளுக்கு இடம் விட்டு ஆட்களை ஏற்றுங்கள். பாஸ்போட் இருக்கும் பை பயணியின் மடியில்தான் இருக்க வேண்டும், மாமியின் பையில் அல்ல.

அம்மாவுக்கு முழங்கால் நோ, ஆங்கிலமும் தெரியாது. தனியே ரொறன்ரோ வருகிறா. இறங்கியபின் என்ன செய்வா?
— ஜெ., ஸ்காபரோவிலிருந்து

ரிக்கற் போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், குறைந்தது 48 மணித்தியாலம் முன்பாக. அதற்குக் காசில்லை. கட்டுநாயக்க, இடைத்தங்கல், ரொறன்ரோ மூன்று இடத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று விமானச் சேவையைக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். இடைத்தங்கலில் தள்ளிக்கொண்டு போகிறவர் அம்மாவை ஓரிடத்தில் இருத்திவிட்டுப் போவார். அங்கிருந்து எழும்ப வேண்டாம், அவர்களே வந்து கூட்டிப்போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தானாக எழுந்து வாசலைத் தேடிப் போய் விமானத்தை விடுவது இப்படித்தான் நடக்கிறது.

ஒரு பிளாஸ்ரிக் உறையில் உங்கள் அழைப்புக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், திரும்பும் ரிக்கற், வைத்தியரின் கடிதம், உங்கள் முகவரியும் இரண்டு தொலைபேசி இலக்கமும் பெரிய எழுத்தில் எழுதிய தாள் இவற்றை வைத்துக் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் அந்தத் தாளில் எழுதலாம். அதிகாரி எவ்வளவு காலம் நிற்கப்போகிறீர்கள் என்று கேட்பார். ரிக்கற்றில் உள்ள திகதியைத்தான் சொல்ல வேண்டும். ‘மகன் விரும்பும் வரைக்கும்’ என்று சொன்னால் மேலும் பத்துக் கேள்வி வரும். பாஸ்போட்டில் திகதி ஏதும் எழுதினார்களா என்று வெளியே வந்தவுடன் நீங்கள் பாருங்கள். எழுதியிருந்தால் அந்தத் திகதிதான் கணக்கு. எழுதாவிட்டால் விசிற்றர் விசாவுக்கு இறங்கிய நாளிலிருந்து 6 மாதம்.

குளிர்ச்சட்டையை நீங்களே விமான நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இங்கே வாங்கினால் காசும் போய், பெட்டியில் 2 கிலோவும் போகும். மேசும் மூடிய சப்பாத்தும் மட்டும் அம்மா இங்கிருந்தே போட்டுக்கொண்டு வரட்டும்.